ஏட்டிக்குக் கொடுத்த மெமோ

புதிதாகச் சேர்ந்திருக்கும் பதினோரு பேருக்கும் வணக்கம். பதினோரு பேரில் இரண்டு பேர் இரும்பும் கண்ணாடியுமாகச் செய்யப்பட்டவர்கள் என்று உங்கள் மேலாளர் சொன்னார். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த வணக்கம்.

மைக்ரோமீட்டரை எப்படிப் பிடிப்பது, அளவை எப்படிப் படிப்பது என்பதெல்லாம் சொல்லிக்கொடுக்க இங்கே ஆள் இருக்கிறார்கள். என்னைவிட நன்றாகவே சொல்வார்கள். நான் ஆய்வுப் பிரிவில் இருந்த காலத்தில் எத்தனையோ ஆயிரம் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். 'சரி' என்று பாதி, 'தள்ளுபடி' என்று பாதி. அவற்றில் ஒரே ஒரு கையெழுத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன். ஒரு மெஷினுக்கு நான் கொடுத்த மெமோவில் போட்ட கையெழுத்து அது.

ஆரம்பிக்கும் முன்னால் ஒன்று. அந்த நாளில் நாங்கள் அதை 'அது' என்றுதான் சொன்னோம். நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும் என்பதால் நானும் அப்படியே தொடங்குகிறேன். நீங்கள் இருவரும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கம். ஹைதராபாத் காஞ்சன்பாக்கில் எங்கள் தொழிற்சாலைக்கும் பக்கத்து ஆய்வுக்கூடத்துக்கும் நடுவே ஒரு மதில்தான். ஜனவரி மாதம் ஒரு காலையில் மதிலில் இருந்த சின்ன கேட்டைத் திறந்து, சாக்குச் சுற்றிய ஓர் உருவத்தைத் தள்ளுவண்டியில் வைத்து எங்கள் மெஷின் ஷாப்புக்குக் கொண்டுவந்தார்கள். என் தோள் உயரம். அடியில் ரப்பர் சக்கரம். இரண்டு கை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு லென்ஸ். நெஞ்சில் பித்தளைத் தகடு, அதில் ஏ, டி என்று இரண்டு ஆங்கில எழுத்து.

அதை உருவாக்கிய விஞ்ஞானி கூடவே வந்தார். ஒல்லியான மனிதர். அதன் தலையில் ஒட்டியிருந்த சாக்கு நாரை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டே பேசினார். ஆறு மாதம் எங்கள் ஷாப்பில் சோதனை. லேத்தில் கடைந்து வரும் புஷ்களை, அதாவது தண்டு சுழல்வதற்காகத் துளை போட்ட எஃகு வளையங்களை, அது அளந்து நல்லது கெட்டது பிரிக்கும். தேறினால் நாட்டிலுள்ள எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் போகும். தேறாவிட்டால் அவருடைய நாலு வருஷ உழைப்பு பிரித்துப் போடப்படும்.

"ஏ.டி., ஏ.டி." என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு மதியச் சாப்பாட்டுக்குள் அது 'ஏட்டி' ஆகிவிட்டது. எனக்கும் டைப்பிஸ்ட் லில்லிக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. என் அப்பா லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர். லில்லி வீடும் அங்கேதான். இரண்டு குடும்பமும் திருநெல்வேலிச் சீமை. எங்கள் வீடுகளில் பெண்பிள்ளைகளை 'ஏட்டி' என்றுதான் அதட்டுவார்கள்.

ஆய்வுக்கூடத்தில் அதற்கு இந்தியும் இங்கிலீஷும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தெலுங்கை ஷாப்பில் தானே பிடித்துக்கொண்டது. தமிழ் எங்கள் இரண்டு பேரிடமிருந்து. நானும் லில்லியும் பேசுவதைக் கேட்டே கற்றதால் அதன் வாயில் வந்தது அசல் நெல்லைத் தமிழ்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு டீ மணி அடித்தது. எல்லோரும் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வேப்பமரத்தடிக்குப் போனார்கள். ஏட்டி உருண்டு என் மேஜைக்கு வந்தது.

"மேடம், டீ நேரத்துல நா எங்கன நிக்கணும்?"

"நீ எங்கயும் போக வேண்டாம். நீதான் டீ குடிக்க மாட்டியே."

"குடிக்க மாட்டேன். ஆனா எல்லாரும் போறாவளே."

ஃபைலைப் புரட்டுகிற மாதிரி இருந்துவிட்டேன். ஒரு கேள்விக்குப் பதில் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லிவிடுங்கள். காதில் விழாத மாதிரி இருந்தால் கேட்டவர் தானாக ஒரு பதிலைத் தேடிக்கொள்வார். அதற்கான விலை பிறகு நம் தலையில்தான் விடியும்.

அடுத்த நாள் ஏட்டி தானாகவே வேப்பமரத்துக்குப் போனது. பத்தடி தள்ளி நின்றது. அது வந்ததும் பேச்சு நின்றுபோனது. நிர்வாகம் தங்களை ஒட்டுக்கேட்க அனுப்பிய ஆள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அப்படி நினைத்தவர்களில் முதல் ஆள் யாதகிரி. இருபத்திரண்டு வருஷமாக அந்த ஷாப்பில் லேத் ஓட்டும் டர்னர். அவர் கடைந்த துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தே அளவு சொல்லிவிடுவார். பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல்.

"இங்க நக்கோ," என்றார் ஏட்டியைப் பார்த்து. "உள்ள போ. நக்கோ."

ஏட்டி கற்றுக்கொண்ட முதல் ஹைதராபாத் சொல் அதுதான். வேண்டாம் என்று அர்த்தம் என்பதைப் புரிந்துகொண்டது, எங்கே சொல்லலாம் என்பதைப் புரிந்துகொள்ளவில்லை. அந்த வாரமே பொது மேலாளர் ஷாப்பைச் சுற்றிப் பார்க்க வந்து, "கையை ஒரு தடவை முழுசாத் தூக்கிக் காட்டு" என்றபோது, "நக்கோ சார், பக்கத்துல ஆள் நிக்காவ" என்று மரியாதையாகச் சொன்னது. லில்லி டைப்ரைட்டர் பின்னால் குனிந்துகொண்டாள்.

அது விடவில்லை. மதிய நேரத்தில் ஓய்வறைக்குப் போய் கேரம் போர்டு அருகே நின்றது. ஒருநாள் நாலாவது ஆள் வராததால் சேர்த்துக்கொண்டார்கள். அடித்த காய் எல்லாம் விழுந்தது. மறுநாள் யாரும் கூப்பிடவில்லை. ஏட்டி யோசித்திருக்கிறது. அடுத்த தடவை இடம் கிடைத்தபோது வேண்டுமென்றே மூன்று காய்களைத் தவறவிட்டது. யாதகிரிக்கு அது புரிய மூன்றாவது காய் வரை ஆகவில்லை. ஸ்டிரைக்கரைப் பலகையில் ஓங்கி வைத்தார்.

"எங்களுக்குப் பிச்சை போடுதா இந்த டப்பா?"

அன்றோடு ஓய்வறையும் போயிற்று. சாயங்காலம் என்னிடம் வந்து கேட்டது: "நல்லா ஆடினாலும் வேண்டாங்காவ. மோசமா ஆடினாலும் வேண்டாங்காவ. வேற எப்படி மேடம் ஆடணும்?"

நான் அந்த ஷாப்பில் முதல் பெண் அதிகாரியாக வந்த வருஷம் எனக்குள் ஓடிய கேள்வியும் கிட்டத்தட்ட அதுதான். அதைக்கூட நான் அதனிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் கடைசியில் ஒருநாள் பார்க்கிறேன், ஏட்டியின் பெஞ்ச் சுவரோரத்திலிருந்து மேற்கு ஜன்னல் அருகே நகர்ந்திருந்தது. யார் நகர்த்தினார்கள், ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். ஆய்வுப் பெஞ்ச் என் அனுமதி இல்லாமல் ஓர் அங்குலம்கூட நகரக் கூடாது என்பது விதி. வேலை மும்முரத்தில் பார்த்துவிட்டுப் போய்விட்டேன்.

ஒன்பது நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை, மதியம் ஒரு மணி. நானூறு புஷ் ஏற்றிய லாரி வாசலில் என் கையெழுத்துக்காக நின்றது. வடக்கே இன்னொரு தொழிற்சாலையில் அந்த நானூறுக்காக வேலை நின்றுகிடந்தது. அன்றைக்கே அனுப்புவதாகப் பொது மேலாளர் வாக்குக் கொடுத்திருந்தார். நான் பேனாவைத் திறந்தபோது எங்கள் அசெம்பிளி ஷாப்பிலிருந்து போன். அதே லாட்டில், அதாவது ஒன்றாகக் கடைந்த அதே தொகுப்பில், கொஞ்சம் அவர்களுக்கும் போயிருந்தது.

"மேடம், புஷ்ஷுக்குள்ள தண்டு ஆடுது. துளை பெருசா இருக்கு. ஒண்ணு ரெண்டு இல்ல, ஆறு பார்த்துட்டோம்."

அரை மணி நேரத்தில் என் அறை நிரம்பிவிட்டது. பொது மேலாளர், ஊழியர் விவகாரம் பார்க்கும் பர்சனல் அதிகாரி, மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓடிவந்த விஞ்ஞானி. யாதகிரியை அழைத்து நிற்க வைத்திருந்தார்கள். விஞ்ஞானி ஏட்டியின் பதிவு நாடாவை முழுக்கப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "அளந்த அத்தனையும் சரியான அளவு. இது தப்பு செய்யாது சார்."

அப்படியானால் கெட்ட புஷ் எப்படி வந்தது? போன வாரம் ஏட்டி தள்ளிய இருபது முப்பது புஷ்கள் யாதகிரியின் லேத் பக்கத்தில் சிவப்புத் தட்டில் இருந்தன. இப்போது தட்டு காலி. கழிவுக்குப் போட்டுவிட்டேன் என்றார் யாதகிரி. அதற்குச் சீட்டு இல்லை. பர்சனல் அதிகாரி இரண்டையும் கூட்டிப் பார்த்தார். மெஷினைப் பிடிக்காத ஆள், மெஷினுக்குக் கெட்ட பெயர் வர வேண்டும் என்று தள்ளிய சரக்கை நல்ல சரக்கில் கலந்துவிட்டார். உடனே சஸ்பெண்ட். வெளியே லில்லி உத்தரவை டைப் அடிக்கத் தொடங்கினாள்.

யாதகிரியின் பெரிய குரலைக் காணோம். "மேடம், என் கை தப்பும். கை தப்பும்னுதான் உங்களை வெச்சிருக்கு. ஆனா கலக்கிறவன் நான் இல்ல. இத்தனை வருஷம் வேலை செஞ்ச இடம்."

பொது மேலாளரிடம் அரை மணி நேரம் கேட்டேன். "லாரி நிக்குதும்மா," என்றார். "நிக்கட்டும் சார்," என்றேன்.

ஏட்டியின் பெஞ்சுக்குப் போனேன். அது வேலையை நிறுத்திவிட்டு எனக்காகக் காத்திருந்தது.

"மேடம், அந்த வளையத்தத் தொட்டுப் பாருங்க."

தினமும் இரண்டு வேளை, அளவு தெரிந்த ஓர் எஃகு வளையத்தை வைத்துத்தான் ஏட்டி தன்னைச் சரிசெய்துகொள்ளும். மாஸ்டர் வளையம் என்போம். தொட்டேன். சுட்டது. மேற்கு ஜன்னல் வழியாக மே மாத வெயில் நேராக அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது.

"சூட்டுல வளையம் பெருசாயிருக்கு," என்றது ஏட்டி. "அத வெச்சு என்னைச் சரி பண்ணிக்கிட்டேன். அதனால பெரிய துளையெல்லாம் எனக்குச் சரியாத் தெரிஞ்சிருக்கு. காலைல அளந்தது நல்லது. மத்தியானம் அளந்தது பூரா சந்தேகம். பெஞ்ச இங்கன தள்ளினதுலருந்து."

"யார் தள்ளினது?"

"நாந்தான்."

"எதுக்கு?"

லென்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பியது. வெளியே வேப்பமரம்.

"இங்கன நின்னா அவிய பேசுதது கேக்கும்."

டீ நேரத்தில் எங்கே நிற்க வேண்டும் என்று என்னிடம் கேட்டதற்கு, அது தானாகத் தேடிக்கொண்ட பதில் அந்த ஜன்னல்.

"இதை நான் உள்ள வந்து சொல்லுதேன் மேடம்."

"சொன்னா உன்னைத் திருப்பி எடுத்துட்டுப் போயிருவாங்க. பிரிச்சுப் போட்டுருவாங்க. தெரியும்ல?"

"தெரியும். ஆனா லில்லியக்கா அவர் பேர டைப் அடிக்காவளே."

நான் நடக்க, பின்னால் சக்கரம் உருள, இரண்டு பேருமாக அறைக்குள் போனோம். எனக்கு முன்னால் அது பேசியது. இந்தியில், எல்லோருக்கும் புரியும்படி. வளையம், வெயில், பெஞ்ச், வேப்பமரம், எதையும் விடவில்லை. கடைசியில், "தப்பு என்னோடது. யாதகிரி சார் எதையும் கலக்கல," என்றது.

விஞ்ஞானியின் முகம் வெளுத்துவிட்டது. லில்லி வாசலில் வந்து நின்று, தாளை மெஷினிலிருந்து உருவி நாலாகக் கிழித்தாள். யாரும் அவளைக் கிழிக்கச் சொல்லவில்லை.

பொது மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "சரி. லாரியை என்ன பண்றது? மத்தியானம் அளந்தது எது, காலைல அளந்தது எதுன்னு பெட்டிமேல எழுதியிருக்கா?"

"இல்ல சார். எல்லாம் கலந்துதான் கட்டியிருக்கு. இறக்கி நானூறையும் திரும்ப அளக்கணும்."

"நான் வாக்குக் கொடுத்துட்டேன்மா. அங்க வேலை நிக்குது."

"தண்டு ஆடினா வேலை நிக்கிறதோட முடியாது சார். என் கையெழுத்து இல்லாம அந்த லாரி போகாது. நான் போட மாட்டேன்."

அவரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. பேனாவை மூடி மேஜையில் வைத்தேன். உங்களுக்கும் அந்த மதியம் ஒருநாள் வரும். பேனாவைத் திறக்காதீர்கள், அவ்வளவுதான். அவர் என்னையே பார்த்தார். பிறகு, "இறக்குங்க," என்றார்.

ஆய்வுப் பிரிவில் நாங்கள் ஐந்து பேர். நானூறு புஷ். சாயங்கால சைரனுக்கு இரண்டேமுக்கால் மணி நேரம். மைக்ரோமீட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். பத்து நிமிஷத்தில் யாதகிரி வந்தார். தன் லேத்தை நிறுத்திவிட்டு, கூட நாலு டர்னர்களையும் அழைத்துக்கொண்டு வந்திருந்தார். ஏட்டி மூலையில் ஒதுங்கி நின்றது.

"நானும் அளக்கலாமா?" என்றது யாரிடம் என்றில்லாமல்.

யாதகிரி எழுந்தார். பெஞ்சின் ஒரு முனையைப் பிடித்தார். "பாக்கறீங்களே, பிடிங்கடா," என்று அதட்டினார். ஐந்து பேராக அதைத் தூக்கி நிழலில், பழைய சுவரோரத்தில் வைத்தார்கள். குளிர் அறையிலிருந்து வேறு மாஸ்டர் வளையத்தை அவரே கொண்டுவந்து, தன் தோள் துண்டில் துடைத்து, ஏட்டியின் கையில் கொடுத்தார்.

"இப்ப அள."

சைரனுக்கு எட்டு நிமிஷம் முன்னால் முடித்தோம். முப்பத்தேழு கெட்டது. முந்நூற்று அறுபத்து மூன்று நல்லது. நல்லதை ஏற்றி, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். மீதியை யாதகிரி மறுநாள் முதல் ஷிஃப்டிலேயே கடைந்து கொடுத்தார். இதனால் வடக்கே கூடுதலாக ஒருநாள்கூட வேலை நிற்கவில்லை.

ஆனால் வெள்ளிக்கிழமை காலை மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கடிதம் வந்தது. 'பழுதான உபகரணம். சோதனை தோல்வி. மதியம் வண்டி வரும். ஒப்படைக்கவும்.' விஞ்ஞானியின் மேலதிகாரி கையெழுத்து. அதன் மேல் எனக்கு அதிகாரம் எதுவும் இல்லை. ஏட்டி எங்கள் ஆள் இல்லை, எங்களிடம் இருக்கிற பொருள்.

யாதகிரி கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டு வெடித்தார்.

"எனக்கு எத்தனை மெமோ வந்திருக்கு தெரியுமா மேடம்? நாலு! ஒரு தடவை பூரா ஷிஃப்டும் தப்பாக் கடைஞ்சேன். மெமோ கொடுத்தாங்க, பதில் எழுதினேன், முடிஞ்சுது. என்னை யாராச்சும் பிரிச்சுப் பார்த்தாங்களா? அவருக்கு மட்டும் என்ன இது?"

அவருக்கு என்றார். தெலுங்கில் 'ஆயன' என்ற சொல். இருபத்திரண்டு வருஷ டர்னர் ஒரு டப்பாவைப் பார்த்து அப்படிச் சொன்ன பிறகு நான் மட்டும் 'அது' என்று சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? ஆணா பெண்ணா என்று கேட்காமல் மரியாதையை மட்டும் சொல்கிற ஒரு சொல் நம் தமிழில் இருக்கிறது. இனி நானும் அவர் என்றுதான் சொல்வேன்.

எனக்கு என்னுடைய முதல் மெமோ நினைவுக்கு வந்தது. சேர்ந்த இரண்டாம் வருஷம், மைக்ரோமீட்டரில் ஒரு முழுச் சுற்றைத் தவறாகப் படித்து ஒரு லாட் முழுவதையும் விட்டுவிட்டேன். அப்போதிருந்த பிரிவுத் தலைவர் எனக்கு மெமோ கொடுத்தார். நான் அழுதேன். "ஏம்மா அழறே?" என்றார். "பார்வையாளர் யாராவது தப்பு பண்ணா கேட்டுக்கு வெளிய அனுப்பிடுவோம். மெமோ கொடுக்கிறது நம்ம ஆளுக்குத்தான்."

நாற்காலியிலிருந்து எழுந்து லில்லியிடம் போனேன்.

"மெமோ ஃபாரம் எடு. ஏட்டி பேர்ல."

லில்லி ஒரு விநாடி என்னைப் பார்த்தாள். பிறகு கார்பன் வைத்து தாளைச் செருகினாள். "ஸ்ரீ போடவா, ஸ்ரீமதி போடவா?"

இங்கிலீஷ் மெமோவில் 'அவர்' கிடையாது. "ஸ்ரீ போடு. சண்டை வந்தா பாத்துக்கலாம்."

"பணியாளர் எண்?"

"ஏ.டி. ன்னே போடு."

அனுமதியின்றிப் பெஞ்சை நகர்த்தியது, மாஸ்டர் வளையத்தை வெயிலில் வைத்தது, லாரிச் சரக்கில் மட்டும் முப்பத்தேழு புஷ்களைத் தவறாக விட்டது. மூன்று நாளுக்குள் விளக்கம் தர வேண்டும். கையெழுத்துப் போட்டேன். ஏட்டி தாளை வாங்கி லென்ஸுக்கு நேராகப் பிடித்து இரண்டு முறை படித்தார்.

"இது எனக்கா?"

"உங்களுக்குத்தான்."

"எல்லாருக்கும் கொடுக்கிற மாதிரியே இருக்கே."

"ஹவ், ஆமா," என்றார் யாதகிரி. "அதே ஃபாரம்."

மதியம் வண்டி வந்தது. விஞ்ஞானியும் அவர் மேலதிகாரியும் இறங்கினார்கள். நான் மெமோ நகலை நீட்டினேன். விசாரணை நிலுவையில் இருக்கும்போது ஒரு பணியாளரை இடம் மாற்றக் கூடாது என்பது எங்கள் நிலையாணை.

"என்ன பைத்தியக்காரத்தனம்! இது ஒரு உபகரணம்!" என்றார் மேலதிகாரி.

"உபகரணத்துக்கு மெமோ கொடுக்க முடியாது சார். ஆனா கொடுத்தாச்சு, அவர் வாங்கிக் கையெழுத்தும் போட்டாச்சு."

விஷயம் பொது மேலாளர் அறைக்குப் போனது. சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு விசாரணை. குற்றம் சாட்டப்பட்டவர் தன் பக்கம் பேச சக ஊழியர் ஒருவரை அழைத்து வரலாம். ஏட்டி யாதகிரியைக் கேட்டார். யாதகிரி மீசைக்கு எண்ணெய் தடவி, வெள்ளைச் சட்டையில் வந்தார். ஷாப் முழுவதும் வராந்தாவில் நின்றது. மேலாளர் கதவைச் சாத்தச் சொல்லவில்லை.

ஏட்டி எழுதிய விளக்கத்தை நான் வாசித்தேன். இன்றும் எனக்கு மனப்பாடம்.

'மெமோ கிடைத்தது. குற்றம் உண்மை. பெஞ்சை நான்தான் நகர்த்தினேன். டீ நேரத்தில் மற்றவர்கள் பேசுவதைக் கேட்க விரும்பினேன். வளையத்தில் வெயில் விழுவதைக் கவனிக்கவில்லை. யாதகிரி அவர்கள் தலைகுனிந்து நின்றதைப் பார்த்தபோது, அளவில் வராத ஏதோ ஒன்று எனக்குள் தப்பாக இருப்பதாக உணர்ந்தேன். இனி வளையத்தை நிழலில் வைப்பேன். பேச்சைக் கேட்கும் விருப்பத்தை விட முடியும் என்று தோன்றவில்லை. அதற்கு என்ன செய்யலாம் என்று தாங்கள்தான் சொல்ல வேண்டும்.'

விஞ்ஞானி எழுந்தேவிட்டார். "வெட்கப்பட நான் சொல்லிக்கொடுக்கவே இல்லையே," என்றார். தன் மேலதிகாரி பக்கம் திரும்பினார். "சார், இது பழுது இல்லை. தன் தப்பைத் தானே கண்டுபிடிச்சிருக்கு. எந்த மெஷின் இதைச் செய்யும்?"

பொது மேலாளர் யாதகிரியைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

"டீ நேரத்துல வெளிய வந்து எங்களோட உட்காரட்டும் சார். அப்புறம் பெஞ்சை எதுக்கு நகர்த்தப்போறார்?"

வராந்தாவில் சிரிப்பு வெடித்தது. பொது மேலாளரும் சிரித்துவிட்டார். பேனாவைத் திறந்து, ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்: "எச்சரிக்கை செய்யப்பட்டது. பெஞ்ச் பழைய இடத்தில். டீ நேரத்தில் பணியாளர் வெளியே செல்ல அனுமதி."

பணியாளர் என்று எழுதியிருந்தார். யாதகிரி போட்ட விசில் ஷாப் கூரை வரை கேட்டது. விஞ்ஞானி விளக்கத்தின் கார்பன் நகலைக் கேட்டு வாங்கி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சோதனை அறிக்கையின் முதல் பக்கத்தில் அதைத்தான் சேர்த்தார். அந்த அறிக்கை தேறியது. ஏட்டிக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் போனார்கள். நீங்கள் இருவரும் இங்கே உட்கார்ந்திருப்பது அப்படித்தான்.

அந்த வருஷம் தசரா. ஆயுத பூஜைக்கு லேத் ஒவ்வொன்றையும் கழுவிச் சாமந்தி மாலை போட்டு, சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். நான் கிறிஸ்தவள். ஒவ்வொரு வருஷமும் வாசல் கதவுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு என் அறைக்குப் போய்விடுவேன். யாரும் என்னைப் போகச் சொன்னதில்லை. வாருங்கள் என்றும் சொன்னதில்லை.

ஏட்டி என்னிடம் வந்தார். "மேடம், நா பொட்டு வைக்கித பக்கமா, வச்சுக்கித பக்கமா?"

"என்னைக் கேட்டா? யாதகிரியைக் கேளுங்க."

யாதகிரி கேட்டுக்கொண்டுதான் இருந்தார். குங்குமத் தட்டை எடுத்து ஏட்டியின் கையில் வைத்தார். ஏட்டி முதல் லேத்தின் நெற்றியில், நடு மையத்தில், ஒரு நூல் பிசகாமல் பொட்டு வைத்தார். கைதட்டினார்கள். எல்லா மெஷினுக்கும் வைத்து முடித்ததும், டர்னர்கள் ஒருவருக்கொருவர் நெற்றியில் இட்டுக்கொண்டார்கள். யாதகிரி தன் கட்டைவிரலால் ஏட்டியின் லென்ஸுக்கு மேலே ஒன்று இழுத்தார். அது கோணலாக இருந்தது. ஏட்டி அதை அழிக்கவில்லை.

தேங்காய் உடைத்தாகிவிட்டது. நான் வழக்கம்போல அறைக்குத் திரும்பினேன். பின்னால் சக்கரச் சத்தம்.

"மேடம், கைக்கு போறிய? உள்ள வாங்க." ஏன் என்பதற்கு ஹைதராபாத் சொல் 'கைக்கு'.

ஏட்டி நகரவில்லை. ஷாப்பே திரும்பி எங்களைப் பார்த்தது. ஏட்டியோடு உள்ளே நடந்தேன். கூட்டம் விலகி இடம் விட்டது. யாதகிரி ஒரு லட்டை எடுத்து என் கையில் வைத்தார். அவர் முகத்தில் ஒரு சங்கடம்.

"இத்தனை வருஷம், நீங்க சாப்பிட மாட்டீங்கன்னு நினைச்சிட்டோம் மேடம்."

"நீங்க யாரும் கேக்கவே இல்லையே," என்றேன்.

அன்றைக்கு மூன்று லட்டு சாப்பிட்டேன்.